சீட்டின் உயரமும் கியர் ராட்டின் இடமும்

லாரி வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எத்தனை டன் ஏற்றலாம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், ஸ்பேர் எங்கே கிடைக்கும், மாதத் தவணை எவ்வளவு. அதை ஓட்டப் போகிறவர் கேள்வியே கேட்பதில்லை. ஏறி உட்காருவார். இடது காலால் கிளட்ச்சை அடிவரை அழுத்திப் பார்ப்பார். கியர் ராட்டை நியூட்ரலில் வைத்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்ப்பார். பிறகு இடுப்பைச் சற்றே தூக்கி, கண்ணாடிக்குக் கீழே ரோடு எங்கிருந்து தெரிகிறது என்று எட்டிப் பார்ப்பார். அரை நிமிடத்துக்குள் அவருக்கு அந்த வண்டியைப் பற்றி ஒரு தீர்மானம் வந்துவிடும். 'சீட்டு பள்ளமா இருக்கு', 'ராடு தூரத்துல இருக்கு' என்று அவர் சொல்லும் இரண்டு வார்த்தைகள் வண்டியின் விலையையோ ஆர்டரையோ மாற்றுவதில்லை.

ஓட்டுநரின் இந்த விருப்பங்களை நம் லாரித் தொழில் இதுவரை இரண்டே விதமாக நடத்தியிருக்கிறது. கம்பெனிக்காரர்களும் பல முதலாளிகளும் 'பழக்கதோஷம், நாலு டிரிப் அடித்தால் சரியாகிவிடும்' என்று ஒதுக்குவார்கள். ஓட்டுநர்கள் பக்கம் நிற்பவர்களோ, முப்பது வருட அனுபவம் பேசுகிறது, அதற்கு மேல் விசாரணை வேண்டாம் என்பார்கள். இரண்டுமே ஓட்டுநருக்கு நியாயம் செய்யவில்லை. அவர் சொல்வதில் உடம்பு அறிந்த உண்மையும் இருக்கிறது, பழைய வண்டி பழக்கிவிட்ட தழும்பும் இருக்கிறது. எது எதுவென்று பிரித்துப் பார்க்காமல் அவருக்கு நல்ல கேபினைத் தர முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லாரி ஓட்டுநர் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்பதை எந்த நாட்டிலும் ஓட்டுநர் முடிவு செய்யவில்லை. நீளச் சட்டமும் சரக்குக் கணக்கும் முடிவு செய்தன. ஐரோப்பாவில் வண்டியின் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. எனவே இன்ஜினுக்கு மேலேயே கேபினைத் தூக்கி வைத்தால் பின்னால் சரக்குக்கு இடம் மிஞ்சும். அமெரிக்காவில் 1982இல் வந்த சட்டம் மொத்த நீளத்தை விட்டுவிட்டு டிரெய்லரின் நீளத்தை மட்டும் அளக்கத் தொடங்கியது. அதன்பின் அங்கே மூக்கு நீண்ட லாரிகள் சாலையை நிறைத்தன, தட்டை முகம் கொண்டவை மெல்ல மறைந்தன. நம் நாட்டிலும் டாடாவின் டெல்கோ 1954இல் டெய்ம்லர் பென்ஸோடு கைகோத்துத் தயாரித்த வரிசையில் மூக்கு வைத்த வண்டிகள் நெடுங்காலம் ஓடின. ஆனால் அதே சேஸில் இரண்டடி கூடுதலாக லோடு ஏற்றலாம் என்றால் எந்த முதலாளி மூக்கை விரும்புவார்? ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலே, இன்ஜின் மேட்டுக்குப் பக்கத்தில் ஏற்றி உட்கார வைக்கப்பட்டார். குழியில் முன்சக்கரம் இறங்கும்போது அந்த அடி நேராக அவருடைய முதுகுத்தண்டுக்கு வருவது அந்த நாளில் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டாக ஆன கம்பெனியும் சரி, டாடாவும் சரி, பல காலம் வெறும் சேஸையும் முன்முகத் தகட்டையுமே விற்றன. கேபினைக் கட்டியது நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும். பட்டறைக் கேபினைக் குறை சொல்பவர்கள் அதிகம். விபத்தில் நசுங்கும், தரம் சீராக இருக்காது, ஒரு பட்டறைக்கும் அடுத்ததற்கும் அளவு மாறும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு நன்மையை யாரும் சொல்வதில்லை. ஓட்டுநராக இருந்து முதலாளியானவர்கள் நிறைந்த ஊர்கள் அவை. சொந்த வண்டிக்குப் பாடி கட்டுகிறவர் பட்டறையிலேயே நின்று, சீட்டுப் பெட்டி எத்தனை அங்குலம் வேண்டும், சாய்வு எவ்வளவு வேண்டும் என்று தன் உடம்புக்குச் சொல்லி வாங்கிக்கொள்ள முடிந்தது. பாரத் பென்ஸ் 2012இல் ஒரகடத்திலிருந்து முழுக் கேபினோடு வந்ததும், மற்றக் கம்பெனிகளும் கேபினைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்ததும் பாதுகாப்புக்கு நல்லது. கேபின் பலமாயிற்று, மழை ஒழுகவில்லை. சீட்டின் உயரம் மட்டும் ஓட்டுநர் கையைவிட்டு வெகுதூரத்தில் இருக்கும் வரைபடத்துக்குப் போயிற்று.

இனி விருப்பங்களை எடைபோடுவோம். ஓட்டுநர்களிடம் கேட்டால் சீட்டு விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. உயரமாக உட்கார வேண்டும் என்பது ஒன்று, இறக்கமாக உட்கார்ந்து காலை நீட்டி ஓட்ட வேண்டும் என்பது இன்னொன்று. வாகனப் பொறியியல் இதை இடுப்பு மூட்டிலிருந்து குதிகால் வரையுள்ள செங்குத்து உயரத்தால் அளக்கிறது. அந்த உயரம் 405 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கார் வகை, அதற்கு மேல் போனால் லாரி, பஸ் வகை. கார் வகையில் கால் முன்னோக்கி நீள்கிறது, முதுகு சாய்கிறது. லாரி வகையில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்கால் மடங்கி, பாதம் கீழ்நோக்கி மிதிக்கிறது.

இறக்கமான சீட்டைக் கேட்பவர்களிடம் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. கிளட்ச்சை முன்னோக்கி மிதிக்கும்போது முதுகுச் சாய்வு பின்னால் முட்டுக் கொடுக்கும். அந்த முட்டு இருந்தால் அதே கால் அதிக பலத்தோடு மிதிக்கும். உயரமான சீட்டிலிருந்து கீழ்நோக்கி மிதிப்பவருக்கு முட்டு கிடையாது. தொடையைத் தூக்கி, உடம்பின் எடையைச் சாய்த்து மிதிக்க வேண்டும். காற்று பூஸ்டர் இல்லாத பழைய கிளட்ச்சில் பத்து வருடம் ஓட்டியவர் இறக்கமான சீட்டைக் கேட்பது அவருடைய முழங்கால் கேட்பது. ஆனால் பூஸ்டர் வந்தபின் மிதி பாதி இலகுவாகிவிட்ட வண்டியிலும் அதே பள்ளச் சீட்டைக் கேட்டால், அது பழைய வண்டியின் மிச்சம். இந்தக் காரணத்துக்காக மட்டும் இனி இறக்கமான சீட்டை ஆதரிக்க முடியாது.

உயரத்தைக் கேட்பவர்களின் வாதம் கண்ணைப் பற்றியது: 'ரோடு நல்லாத் தெரியும்.' இங்கே ஒரு குழப்பத்தை அவிழ்க்க வேண்டும். கேபினுக்குள் சீட்டு உயர்வது வேறு, கேபினே சாலையிலிருந்து உயர்வது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு 1.7 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கு 0.7 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தரை தெரியத் தொடங்குவது கண்ணிலிருந்து 2.4 மீட்டர் முன்னால். கேபின் அப்படியே இருக்க, சீட்டை மட்டும் 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது சுமார் 2.2 மீட்டராகக் குறையும். வண்டிக்கு முன்னால் குறுக்கே வரும் குழந்தையோ சைக்கிளோ சற்று முன்பே கண்ணில் படும். இதற்கு மாறாக, சீட்டை விட்டுவிட்டு மொத்தக் கேபினையும் 40 சென்டிமீட்டர் தூக்கினால் அந்த 2.4 மீட்டர் 2.8 ஆகிவிடும். தூரம் நன்றாகத் தெரியும், காலடி தெரியாது. பெரிய டிராக்டர் டிரெய்லரின் உயரத்தில் உட்கார்ந்து 'ராஜா மாதிரி இருக்கு' என்று சொல்பவர் இந்த இரண்டாவது உயரத்தின் விலையைக் கவனிப்பதில்லை.

லண்டன் மாநகரம் அந்த விலையைக் கவனித்தது. கனரக லாரிகளின் கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திர மதிப்பு கொடுத்து, ஒரு நட்சத்திரம்கூடப் பெறாதவை 2021 மார்ச் முதல் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றது. 2024 அக்டோபரில் அந்த அளவுகோலை மூன்று நட்சத்திரமாக உயர்த்தியது. நமக்கு இது இன்னும் அவசரமான கேள்வி. நம் லாரிகளில் இடப்பக்கக் கண்ணாக இருந்தவர் கிளீனர். கதவைத் தட்டி 'வரட்டும், வரட்டும்' என்று சொல்லி, ஸ்கூட்டர் ஒட்டி வருவதைப் பார்த்து 'ஓல்டான்' என்று கத்தியவர் அவர். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாகப் போகும் வண்டிகள் பெருகிவிட்டன. அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்?

சீட்டை உயர்த்துவதற்கும் நம் கேபின்களில் ஓர் எல்லை இருக்கிறது. நம் லாரி ஒன்றை நிறுத்தி வைத்து முன்கண்ணாடியைப் பாருங்கள். மேல்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஸ்டிக்கர், குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர். அதற்குக் கீழே குஞ்சம். அதற்கும் கீழே எலுமிச்சை மிளகாய்க் கயிறு. சீட்டை ஏற்றி உட்காரும் உயரமான ஓட்டுநருக்குக் கண்மட்டத்தில் இவைதான் இருக்கும். அவர் கழுத்தை மடக்கிக் குனிந்து பார்ப்பார். ஆறு மணி நேரத்தில் பிடரி இறுகும். பிறகு சீட்டு உயரமாக இருப்பதால்தான் கழுத்து வலிக்கிறது என்று முடிவுக்கு வருவார். குற்றவாளி சீட்டல்ல, ஸ்டிக்கர். சாமி பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கேபின் நெற்றிக்கு வெளியே எழுதிக்கொள்ள எவ்வளவோ இடம் இருக்கிறது.

குள்ளமான ஓட்டுநரின் நிலைதான் மிகவும் மோசம், இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே இந்திய உடலளவுகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டது. நம்மவர் அளவு தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஐந்தடி இரண்டு அங்குல ஓட்டுநர் உயரம் மாற்ற முடியாத சீட்டுள்ள வண்டியில் ஏறினால், சாலை தெரிய வேண்டுமென்றால் கால் எட்டாது, கால் எட்ட வேண்டுமென்றால் சாலை தெரியாது. அவர் என்ன செய்வார்? வீட்டுத் தலையணையை மடித்து அடியில் போடுவார், முதுகுக்கு ஒரு பெட்ஷீட்டைச் சுருட்டி வைப்பார். கண் உயர்ந்துவிடும். ஆனால் சீட்டின் முன்விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தி, பாதம் மரத்துப் போகும். கிளட்ச்சை அடிவரை மிதிக்க ஒவ்வொரு முறையும் இடுப்பு நழுவும். சீட் பெல்ட் இடுப்பெலும்பில் படாமல் வயிற்றில் ஏறும். ஒரு டிரிப் முடிந்து இறங்கும்போது ஒரு காலை ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு சில நொடி நின்ற பிறகே அவரால் நடக்க முடியும். 'எனக்குத் தலகாணி போட்டாத்தான் சரிப்படும்' என்று அவர் சொல்வதை விருப்பம் என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. வேறு வழியில்லாதவர் செய்துகொண்ட சமாளிப்பு அது.

ஆக, உயரமா இறக்கமா என்ற சண்டையில் இரண்டு கட்சிக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: உயரம் மாற வேண்டும். முன்னும் பின்னும் நகர்வது மட்டும் போதாது. மேலும் கீழும் நகர வேண்டும், ஸ்டியரிங்கும் அதற்கேற்பச் சாய வேண்டும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் நம் நெடுந்தூர வண்டிகளில் இதை வசதி என்று அழைப்பதே பிழை.

உயரத்தைவிடப் பெரிய விஷயம் குலுக்கல். மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையான ஆட்டத்துக்கு மிக மோசமாக எதிர்வினை செய்கிறது. வயிற்று உறுப்புகளும் முதுகுத்தண்டும் அந்த வேகத்தில் கூடவே ஆடத் தொடங்கும். முழு லோடுக்காகக் கட்டப்பட்ட ஸ்பிரிங் பட்டைகள் வண்டி காலியாக ஓடும்போது வளைந்தே கொடுப்பதில்லை. 'லோடு வண்டிகூட ஓட்டிடலாம், காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும்' என்று எல்லா ஓட்டுநர்களும் சொல்வது இதைத்தான். நல்ல சஸ்பென்ஷன் சீட்டு நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் மெல்ல ஏறி இறங்கும்படி செய்யப்பட்டது. அந்த 4 முதல் 8 என்ற வேக ஆட்டத்தில் பெரும் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கு எண்ணால் வரம்பு போட்டது. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி அதிர்வு 0.5 மீட்டர்/நொடி² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் 1961இலேயே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. சாலையில் அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 0.5இல் நிற்கும் ஒரு கேபினில் 12 மணி நேரம் உட்கார்ந்தால், எட்டு மணி நேரக் கணக்குக்கு மாற்றும்போது அது 0.61 ஆகிறது. அதாவது நம் ஓட்டுநருக்கு ஐரோப்பிய ஓட்டுநரைவிட நல்ல சீட்டு வேண்டும். கொடுப்பதோ மறுதலை. சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட லாரி ஓட்டுநர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் களைப்பு, தூக்கமின்மை, முதுகுவலி, மூட்டுவலி, கழுத்துவலி போன்ற உடல்நலக் கோளாறுகளைச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் எத்தனை சீட்டிலிருந்து வந்தவை என்று யோசித்தால் மனம் கசக்கிறது.

இந்த இடத்தில் ஓட்டுநர்கள் தரப்பிலிருந்து எதிர்பாராத ஒரு ஆட்சேபம் வரும். சஸ்பென்ஷன் சீட்டு கொடுத்த வண்டியிலும் பலர் அதை லாக் பண்ணிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். கேட்டால், 'ஆடிக்கிட்டே இருக்கு, கண்ட்ரோல் கிடைக்கல' என்பார்கள். இதைக் கேட்ட உடனே அறியாமை என்று சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கும் விஷயமில்லை. சீட்டு இரண்டு அங்குலம் கீழே இறங்கும் நேரத்தில் கிளட்ச் மிதி அதே இடத்தில் நிற்கிறது, கியர் ராடு அதே இடத்தில் நிற்கிறது. பாதிக் கிளட்ச்சில் ஒரு மேட்டில் வண்டியை நகர்த்தும்போது சீட்டு ஆடினால், மிதியும் அவர் நினைக்காமலே ஆடும். அவர் சொல்வது பொறியியல் உண்மை.

அந்த உண்மைக்குள் இன்னொரு உண்மையும் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு குமிழ் உண்டு. 50இலிருந்து 130 வரை கிலோ எண் போட்டிருக்கும். உட்காருபவரின் எடைக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும். 62 கிலோ ஓட்டுநர் 110இல் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டு மேல்முட்டிலேயே நிற்கும், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் 'டக்' என்று அடிக்கும். கனமான ஓட்டுநர் குறைந்த எண்ணில் உட்கார்ந்தால் கீழ்முட்டில் இடிக்கும். வண்டியை டெலிவரி எடுக்கும்போது டேங்க் மூடியிலிருந்து ஏசி பட்டன் வரை காட்டுகிறார்கள். இந்தக் குமிழைக் காட்டுகிறவர் அரிது. எனவே லாக் போடும் வழக்கத்தில் பாதி சரியான காரணம், பாதி சொல்லிக்கொடுக்காத குற்றம்.

சரியான பாதிதான் நம்மைக் கியர் ராட்டுக்குக் கொண்டுபோகிறது. சீட்டும் கியரும் இரண்டு தனி விருப்பங்கள் என்று நினைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவை ஒரே ஜோடி. தரையிலிருந்து வளைந்து எழும் நீண்ட ராடு, அசையாத சீட்டுக்காகப் பிறந்தது. இன்ஜின் மேட்டைச் சுற்றிக்கொண்டு, கீழே கம்பிகளும் பந்து மூட்டுகளும் வழியாகக் கியர் பெட்டியை அடையும் அந்த ராட்டுக்கு நீளம்தான் பலம். டபுள் கிளட்ச் மிதித்துப் பல்லைப் பொருத்த வேண்டிய பழைய பெட்டியில், அந்த நீளம் இல்லாமல் கை தாங்காது. மூட்டுகள் தேய்ந்த வண்டியில் ராடு நியூட்ரலிலேயே ஒரு சாண் ஆடும். மூன்றாவது எங்கே, ஐந்தாவது எங்கே என்பது அந்த வண்டியின் ஓட்டுநருக்கு மட்டுமே தெரியும்.

நீண்ட ராட்டை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் 'கையில பேசும்' என்பது. பெட்டிக்குள் பல் சேருவதும், வேகம் பொருந்தாமல் உராய்வதும், இன்ஜின் திணறுவதும் உள்ளங்கைக்குத் தெரியும் என்கிறார்கள். இது பொய்யில்லை. கம்பி இணைப்பு அதிர்வை அப்படியே மேலே அனுப்பும், கேபிள் இணைப்பு அதை வடிகட்டிவிடும். ஆனால் இந்தச் செய்தி எப்போது தேவை? சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டியில் தேவை. சிங்க்ரோமெஷ் பெட்டியில் வேகத்தைப் பொருத்தும் வேலையைப் பித்தளை வளையம் செய்துவிடுகிறது, கை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. ஒன்பது கியர் பெட்டிகளில்தான் கைக்கு உண்மையான வேலை மிஞ்சியிருக்கிறது. சிலவற்றில் ராட்டின் தலையிலுள்ள சுவிட்சைத் தூக்கி மேலடுக்குக்குப் போக வேண்டும், சிலவற்றில் ராட்டையே பக்கவாட்டில் தள்ளிப் போக வேண்டும். தள்ளிப் போகும் வகையில், களைத்த கை அடுக்கு மாறித் தவறான கியரில் போட வாய்ப்பு அதிகம். ராடு குட்டையாகவும் ஆட்டமில்லாமலும் இருந்தால் அந்தத் தவறு குறையும். ஆகவே 'பேச்சுக்காக' நீண்ட ராட்டைக் காப்பாற்றும் வாதம் என்னிடம் நிற்கவில்லை.

டேஷ்போர்டில் வைத்த குட்டைக் கைப்பிடியைப் பற்றி இவ்வளவு வாதமே வேண்டியதில்லை. ஜப்பானிய கேன்ட்டர் வகை வண்டிகளும், இங்கே டாடா அல்ட்ராவும் காட்டிவிட்டன. கை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு சாண் நகர்ந்தால் போதும். தரை காலியாகிறது, இடப்பக்கக் கதவு வழியாக இறங்கலாம். சந்தையிலும் குறுகிய தெருவிலும் வலப்பக்கம் போக்குவரத்துக்குள் இறங்குவதைத் தவிர்ப்பது உயிர் காக்கும் விஷயம். நடுத்தர, சிறு லாரிகளுக்கு இதுவே சரி, மறுபேச்சில்லை.

கனரக வண்டியில் நிலைமை வேறு. அங்கே மலைப்பாதை வந்து நிற்கிறது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கை ஸ்டியரிங்கை முழுதாகச் சுற்றும்போது இன்னொரு கை இரண்டாவது கியரைத் தவறாமல் எடுக்க வேண்டும். ராடு எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரமில்லை. இருக்கும் இடம் கைக்கு மனப்பாடமாக வேண்டும். சீட்டின் உயரம் டிரைவருக்கு டிரைவர் மாறும்போது தரை ராடு மாறாமல் நிற்பதுதான் பிரச்சினை. வோல்வோ 2001இல் கொண்டுவந்த ஐ-ஷிப்ட் என்ற, தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி பெட்டியில் கியர் கைப்பிடியை ஓட்டுநர் சீட்டின் பக்கத்திலேயே பொருத்தியது. சீட்டு ஏறினால் கைப்பிடியும் ஏறும், சீட்டு ஆடினால் கைப்பிடியும் கூட ஆடும், கைக்கும் கியருக்கும் உள்ள தூரம் மாறாது. கிளட்ச் மிதியே இல்லை என்பதால் காலின் பிரச்சினையும் தீர்ந்தது. சஸ்பென்ஷன் சீட்டை லாக் போடும் ஓட்டுநரின் இரண்டு ஆட்சேபங்களுக்கும் ஒரே வடிவமைப்பு பதில் சொல்லிவிட்டது. ஏஎம்டியின் பெரிய நன்மையாக எல்லோரும் டீசலைச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது.

ஏஎம்டி மேல் நம் ஓட்டுநர்களுக்கு இருக்கும் கோபங்களை ஒவ்வொன்றாக மதிக்க வேண்டும். மேட்டில் தவறான நேரத்தில் கியர் மாற்றுகிறது என்கிறார்கள். கியர் மாறும் நேரத்தில் இழுவை அறுபடுவது உண்மை, முழு லோடோடு செங்குத்தான ஏற்றத்தில் அது உறைக்கும். ஆனால் கியரைப் பிடித்து வைக்கும் மேனுவல் வசதி அந்தக் கைப்பிடியிலேயே இருக்கிறது. இரண்டாவது, வழியில் நின்றுவிட்டால் ஊர் மெக்கானிக்கால் தொட முடியாது என்கிறார்கள். இது முழு நியாயம். கிளட்ச் போன சாதாரண வண்டியைக்கூட ஆக்சிலேட்டரை அளந்து கியர் போட்டு அடுத்த ஊர் வரை கொண்டுவந்துவிடும் கை நம்மவர்களுடையது. சென்சார் போன ஏஎம்டி மத்தியப் பிரதேசத்தின் நடுவில் நின்றால், அந்தக் கை கட்டிப்போடப்பட்டுவிடும். மூன்றாவது கோபத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்: யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றானபின் என் திறமைக்கு என்ன கூலி? இதற்கு இயந்திரத்திடம் பதில் இல்லை, முதலாளிகளும் சங்கங்களும் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவது காரணம் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 'நியூட்ரல் தட்ட முடியல' என்பது அது. தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை அந்த வழியே போகும் ஒவ்வொரு ஓட்டுநரும் அறிவார். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், வெறும் பிரேக்கை நம்பி இறங்குவதும் அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள். கியரில் இருந்தால் இன்ஜினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழு எடையும் பிரேக் டிரம்களில் விழும், டிரம் சூடேறி விரியும், லைனர் பிடிப்பை இழக்கும், அதன்பின் மிதித்தாலும் பயனில்லை. மிச்சம் என்ற கணக்கும் பொய். இன்றைய இன்ஜினில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் முற்றிலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் போய்க்கொண்டிருக்கும். இதைத் தனி ஓட்டுநரின் குற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை. இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து, குறைந்தால் பேட்டாவில் பிடிக்கும் முறை அந்தக் கையை நியூட்ரலுக்குத் தள்ளுகிறது.

என் தீர்ப்பு இதுதான். நாமக்கல்லிலிருந்து குஜராத்துக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் டேங்கர், டிரெய்லர், டாரஸ் வண்டிகளுக்கு உயரம் மாற்றும் ஏர் சஸ்பென்ஷன் சீட்டும் ஏஎம்டியும் ஒன்றாக வர வேண்டும், ஒன்றை விட்டு இன்னொன்று வந்தால் பாதிப் பயன்தான். ஜல்லி, செங்கல் ஏற்றிக் குறுந்தூரம் ஓடும் டிப்பர்களுக்கு, சர்வீஸ் வசதி தாலுகா வரை வந்து சேரும் நாள்வரை, பூஸ்டர் கிளட்ச்சும் கேபிள் வழிக் குட்டை ராடும் கொண்ட சாதாரணப் பெட்டியே போதும். ஆனால் அங்கேயும் சீட்டின் உயரம் மாற வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் சீட்டு, பிறகு கியர். கேபின் ஏசியைக் கட்டாயமாக்க மத்திய அரசு 2023இல் ஆணை போட்டது, 2025இல் அது நடைமுறைக்கு வந்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் குளிர்ந்த கேபினிலும் முதுகெலும்பு அதே அடியைத்தான் வாங்கும். ஏசிக்குக் காட்டிய அக்கறை அப்படியே சஸ்பென்ஷன் சீட்டுக்கும் வர வேண்டும்.

அடுத்த வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் முதலாளிகள் ஒரு காரியம் செய்யலாம். ஓட்டப் போகிறவரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள், உங்களிடம் இருப்பவர்களில் குள்ளமானவரையும் சேர்த்து. இரண்டு பேரையும் ஏறி உட்காரச் சொல்லி, கிளட்ச்சை அடிவரை மிதிக்கச் சொல்லி, கடைசிக் கியர் வரை போடச் சொல்லிப் பாருங்கள். இருவருக்கும் பொருந்தாத கேபினுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.